நிரப்பாமல் விட்ட கட்டங்கள்

இன்று காலை பிரிக்பீல்ட்ஸில் நல்ல மழை. குடையை எடுக்கலாம் என்று காரின் பின்பக்கத்தைத் திறந்தேன். செராய் என்கிற எலுமிச்சைப் புல் எண்ணெய் வாசம் குப்பென்று முகத்தில் அடித்தது. உன் பை. உன் அண்ணன் கொண்டுவந்து கொடுத்து எத்தனையோ வாரமாகிறது. திறக்க மனம் வராமல் அதையும் ஏற்றிக்கொண்டு ஊர் சுற்றிக்கொண்டிருக்கிறேன். இன்று ஜிப்பை இழுத்தேன். உள்ளே எண்ணெய்ப் புட்டி கசிந்திருந்தது. மஞ்சள் மழைக்கோட்டு, ரப்பர் பூட்ஸ், அளவு நாடா எல்லாம் அந்த வாசத்தில் ஊறிக் கிடந்தன. கொசுவுக்கு என்று சொல்லி நீ அதைக் கழுத்திலும் கையிலும் அப்பிக்கொள்வாய். "உன் பக்கத்துல உட்கார்ந்தா தோம்யாம் சூப் கிண்ணத்துக்குள்ள உட்கார்ந்த மாதிரி இருக்குடி" என்று எத்தனை முறை கேலி செய்திருப்பேன். மழையில் நின்றபடி அந்தப் பையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். கார் நிறுத்துமிடத்தைப் பார்த்துக்கொள்பவர் பதறிப்போய், "என்னாச்சு அக்கா, ஏதும் காணோமா?" என்று ஓடி வந்தார். ஒன்றும் இல்லை என்று தலையாட்டினேன்.

அதனால்தான் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். உன் தண்ணீர்க் கணக்குகளுக்கு என்ன ஆயிற்று என்று உன்னிடம் சொல்லியாக வேண்டும். கடைசியில் மருத்துவமனைக் கட்டிலில் படுத்துக்கொண்டு நீ கவலைப்பட்டது அதைப் பற்றித்தான். "நான் போனதும் என் அக்கவுண்ட மூடிடுவாங்க. எல்லா டேட்டாவும் போயிடும் பாரு" என்றாய். நான் பேச்சை மாற்றினேன். நீ விடவில்லை. எதை விட்டாய் நீ?

நாம் அறிமுகமானதே அந்தத் தரவுப் பேச்சில்தான். பல்கலைக்கழகத்தில் ஒரு கூட்டம். ஒவ்வொரு துறையும் தன் ஆய்வுத் தரவுகளை மற்றத் துறைகளுக்குத் திறந்துவிட வேண்டுமாம். மருத்துவம், வனவியல், பொறியியல், எங்கள் வரலாறு என்று எல்லாப் பக்கமிருந்தும் ஆள் வந்திருந்தார்கள். ஆளாளுக்கு எழுந்து பகிர்வின் பெருமையைப் பேசினார்கள். பேசி முடித்து உட்கார்ந்ததும் மடிக்கணினியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்கள். அடுத்த நாற்காலியில் இருந்த நீ என் காதோரம் சாய்ந்து, "இவ்வளவு நேரம் பேசியாச்சு, கறிபாப் பலகாரத் தட்டத் தவிர இங்க யாரும் எதையும் பகிர்ந்துக்கக் காணோம்லா" என்றாய். என்னை உனக்கு அதற்கு முன் தெரியாது. என் பெயர் அட்டையைப் பார்த்துவிட்டுத் தமிழில் வாயைத் திறந்திருக்கிறாய். சிரிப்பை அடக்க முடியாமல் நான் வெளியே எழுந்து போனேன். நீயும் பின்னாலேயே வந்துவிட்டாய், கையில் இரண்டு கறிபாப்போடு.

நீ வெள்ளநீரை ஆய்வு செய்பவள். கிள்ளானின் கால்வாய்களிலும் கேரி தீவின் தோட்டத்து வடிகால்களிலும் கருவிகளைப் பொருத்தி, தண்ணீர் எப்போது எவ்வளவு ஏறியது என்று பதிந்துகொண்டிருந்தாய். நான் தோட்டத்துப் பெண்களின் வாழ்க்கையை அவர்கள் வாயாலேயே சொல்லக் கேட்டு ஒலிப்பதிவு செய்கிறவள். இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தபோது நீ கேட்டாய்: "அவங்க பேச்சுல வெள்ளம் வருமா?"

"கல்யாணம், சாவு, வெள்ளம். இதுல ஒண்ணாவது வராத பேச்சே கிடையாது."

உன் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே. உன் கருவிகளுக்கு வயது குறைவு. அதற்கு முந்தைய வெள்ளங்களைப் பற்றி உன்னிடம் ஒன்றும் இல்லை. என் பெண்களிடம் இருந்தது. அன்றே என் அறைக்கு வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாய்.

பிறகு நடந்ததை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. என் பதிவுகளிலிருந்து வெள்ளம் பற்றிய பேச்சுகளை மட்டும் எழுதிக் கொடுத்தேன். எங்கள் பெண்கள் தேதி சொல்ல மாட்டார்கள். "திருவிழா முடிஞ்ச மறுநாள் தண்ணி வந்துச்சு", "பெரியவன் பள்ளிக்கூடம் சேர்ந்த வருஷம்" என்றுதான் சொல்வார்கள். நீ அவற்றைத் தேதிகளாக மாற்றிக்கொண்டு ஒரு வாரம் கழித்து ஓடி வந்தாய். கையில் ஒரு வரைபடம். திருவிழாவை ஒட்டி வந்த வெள்ளமெல்லாம் பௌர்ணமியில் போய் நிற்கிறது, பௌர்ணமி என்றால் கடல் ஏற்றம், ஆகவே தீவுக்குள் வந்தது கடல் தண்ணீர்தான் என்றாய். பொருத்தம் அவ்வளவு அழகாக இருந்தது. மாநாட்டில் படிக்கப் போவதாகவும் சொன்னாய்.

நான் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். "திருவிழாவுக்குத் தேதி எப்படிப் போட்டே?" என்று கேட்டேன்.

"சித்ரா பௌர்ணமிதானே? இதுல என்ன சந்தேகம்?"

கிள்ளான் டவுன்காரி அல்லவா நீ. உங்கள் வீட்டுப் பக்கத்துக் கோயிலில் பஞ்சாங்கம் பார்த்துத்தான் கொடி ஏறும். அந்தத் தோட்டத்து அம்மனுக்குப் பஞ்சாங்கம் கிடையாது. சம்பளம் போட்ட பிறகு, எல்லோருக்கும் லீவு கிடைக்கிற ஞாயிற்றுக்கிழமைதான் அவளுக்குத் திருவிழா. நிலவு எந்த நிலையில் இருக்கிறது என்று அங்கே யாரும் பார்ப்பதில்லை. நான் இதைச் சொன்னதும் நீ வாயைப் பிளந்தாய். உன் பௌர்ணமிகள் எல்லாம் அந்த இடத்திலேயே கலைந்துபோயின. சரியான ஞாயிறுகளைத் தேடிப் போட்டுப் பார்த்தபோது, தண்ணீர் பெரும்பாலும் மழையில் வந்தது, வடிய வழியில்லாமல் உள்ளேயே தேங்கியது என்று தெரிந்தது. வேறொருத்தியாக இருந்தால் முகம் சுண்டிப்போயிருக்கும். நீ மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தாய். "இவ்வளவு அழகா பொருந்துறப்பவே நான் பயந்திருக்கணும்டி" என்றாய். மாநாட்டுக்கு எழுதியதைத் திரும்பப் பெற்றுக்கொண்டாய். அன்றிலிருந்து உன் அட்டவணையில் ஒரு புதிய நெடுவரிசை சேர்ந்தது. அதற்கு நீ வைத்த தலைப்பு "எப்படித் தெரியும்?" என்பது. ஒவ்வொரு தேதிக்கும் பக்கத்தில், அது கருவி சொன்னதா, ஆள் சொன்னதா, எந்தத் திருவிழாவை வைத்துக் கணக்கிட்டது என்று எழுத ஆரம்பித்தாய். டேட்டாவை மட்டும் தூக்கிக் கொடுத்தால் அடுத்த துறைக்காரன் என்னைப் போலவே பௌர்ணமி பார்ப்பான் என்று சொல்லிக்கொண்டே எழுதுவாய்.

நாம் சண்டை போட்டதும் உண்டு. பிரிக்பீல்ட்ஸ் வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில், சோறு ஆறி அவலாய்ப் போகிற வரைக்கும் போட்டோம். உனக்கு என் ஒலிப்பதிவுகள் முழுசாக வேண்டும். பல்கலைக்கழகத்தின் பொதுத் தரவகத்தில் போட்டுவிட்டால் எந்தத் துறைக்காரரும் எடுத்துக் கேட்கலாம் என்றாய். நான் முடியாது என்றேன். என் பதிவுகளில் அந்தப் பெண்களின் குடும்பமே இருக்கிறது. பாக்கியம் அக்காவை நினைத்துத்தான் சொன்னேன். இந்த மண்ணில் பிறந்து, இங்கேயே செம்பனைத் தோட்டத்தில் உழைத்து ஓய்ந்தவர். பிறப்புப் பத்திரம் இல்லாததால் இன்னமும் சிவப்பு அடையாள அட்டைதான், குடியுரிமை கிடையாது. அந்தக் கதை முழுவதையும் என்னை நம்பி என் கருவியில் சொல்லியிருக்கிறார்.

"பூட்டி வச்சா யாருக்கு என்ன லாபம்?" என்றாய்.

"தொறந்து விட்டா யாருக்கு என்ன நஷ்டம்னு கேளு முதல்ல."

"நீ ஒருத்திதான் அவங்களக் காப்பாத்துற மாதிரி பேசாதே."

ரசம் ஊற்ற வந்த அண்ணன் நம் முகங்களைப் பார்த்துவிட்டு, "சாப்பாடு சரியில்லையா அக்கா?" என்று கேட்டார். "சாப்பாடு நல்லாத்தான் இருக்கு அண்ணே. இவதான் சரியில்ல" என்றாய் நீ. நான் இலையை மடித்துவிட்டு எழுந்து கோமுட்டர் ரயிலுக்குப் போய்விட்டேன்.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை என் வீட்டு வாசலில் உன் கார் நின்றது. "ஏறு. அவங்களையே கேப்போம்" என்றாய். தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் பாக்கியம் அக்கா நமக்கு மைலோ கலக்கிக் கொடுத்தார். நீதான் விளக்கினாய், ஒளிவுமறைவு இல்லாமல். இந்தப் பேச்சைப் பொதுவில் வைத்தால் யார் வேண்டுமானாலும் கேட்கலாம், டாக்டர் கேட்கலாம், அரசாங்கத்து ஆள் கேட்கலாம், நீங்கள் யார் என்று கண்டுபிடிக்கவும் கண்டுபிடிக்கலாம் என்றாய். பயமுறுத்துகிறாயோ என்று எனக்குக் கோபம்கூட வந்தது. அக்கா காலிக் கோப்பைகளை வாங்கி வைத்தார். பிறகு, "தண்ணி வந்ததை ஊரு பூரா சொல்லும்மா. சொல்லணும். நான் யாருன்னு மட்டும் சொல்லிடாதே" என்றார்.

தீவுப் பாலத்தைத் தாண்டி வரும்போது நீ வாயைத் திறந்தாய். "நீ சொன்னது சரின்னு நான் ஒத்துக்க மாட்டேன். அவங்க சொன்னது சரி."

அப்படித்தான் பிரித்தோம். தண்ணீர் தரவகத்துக்குப் போயிற்று. குரல்கள் என்னிடமே இருக்கின்றன.

அதற்குப் பிறகு உன் ஆய்வுக்கான மானியம் முடிந்தது. கருவிகளை என்ன செய்வது என்று யாரும் கேட்கவில்லை. நீ அவற்றைக் கழற்றவில்லை. சனிக்கிழமைகளில் நீயே கிளம்பிப் போய் பேட்டரி மாற்றி, சேற்றைத் துடைத்துவிட்டு வருவாய். போகிறபோதெல்லாம் அக்கா வீட்டில் மைலோ. பிறகு உனக்கு வயிற்று வலி என்றாய். சாதாரண வலி என்றாய். என்னிடம்கூட மறைத்தாய், அதற்காக உன்மேல் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது. வார்டில் சேர்த்த பிறகு ஒரு நாள், கருவியின் பேட்டரி தீர்ந்திருக்கும், நான் போய் மாற்றட்டுமா என்று கேட்டேன். "நீயா? ரிமோட்டுக்கே பேட்டரி திருப்பிப் போடுறவ. விடு, நான் எழுந்து வந்து பாத்துக்குறேன்" என்றாய். நீ எழுந்து வரவில்லை.

நீ போன பிறகு தரவகத்திலிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்தது. இந்தத் தரவின் உரிமையாளர் இப்போது இல்லை. பொறுப்பேற்க ஒருவர் வேண்டும். கடைசிப் பகுதியில் பல கட்டங்கள் காலியாக இருக்கின்றன, காரணம் குறிப்பிடப்படவில்லை. விளக்கம் வராவிட்டால் முழுத் தொகுப்பும் நீக்கப்படும். உன் துறையைக் கேட்டேன். திட்டம் முடிந்துவிட்டது, யாருக்கும் நேரமில்லை என்றார்கள். தொடர்புக்கு என்ற இடத்தில் நீ என் பெயரையும் போட்டு வைத்திருக்கிறாய், என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல்.

அதே சமயம் டாக்டர் அசிசா அழைத்தார். மருத்துவப் பிரிவில், வெள்ளநீரால் பரவும் எலிக்காய்ச்சலை ஆய்வு செய்கிறவர். தீவிலிருந்து பலர் ஒரே காலத்தில் காய்ச்சலோடு வந்திருக்கிறார்கள். அது உன் கட்டங்கள் காலியாக இருக்கிற அதே வாரங்கள். இதற்குள் வேறு யாரோ உன் தரவை இறக்கி, காலிக் கட்டங்களிலெல்லாம் பூஜ்யம் போட்டு வேலையை முடித்திருக்கிறார்கள். பூஜ்யம் என்றால் தண்ணீரே வரவில்லை என்று ஆகிறது. வெள்ளமே இல்லாமல் எலிக்காய்ச்சல் வந்திருக்கிறது, ஆகவே லயத்து மக்கள் வீட்டைச் சுத்தமாக வைத்துக்கொள்ளவில்லை என்று ஒரு வரைவு அறிக்கையில் எழுதியும் ஆயிற்று. வீடு கூட்டத் தெரியாதவர்கள் என்று பாக்கியம் அக்காவைச் சொல்கிறார்கள்! அந்த வீட்டுத் தரையில் நீயும் நானும் சாய்ந்து படுத்துக் கதை பேசியிருக்கிறோம். டாக்டர் அசிசா பொறுமையானவர். "எனக்கு அந்த முடிவில் நம்பிக்கை இல்லை. அந்த வாரங்களில் தண்ணீர் வரவில்லையா, அல்லது யாரும் அளக்கவில்லையா? அது மட்டும் தெரிந்தால் போதும்" என்றார்.

அளக்கவில்லை என்று எனக்குத் தெரியும். அந்த வாரங்களில் நீ வார்டில் இருந்தாய், நான் உன் பக்கத்தில் இருந்தேன். வெளியே மழையா வெயிலா என்றுகூட நான் பார்க்கவில்லை. ஆனால் தண்ணீர் வந்ததா என்று தெரியாது. தெரியாததைத் தெரியும் என்று எழுதினால் நீ என்னை விடமாட்டாய்.

ஆகவே போன ஞாயிற்றுக்கிழமை தீவுக்குப் போனேன். நீ போன பிறகு அந்தப் பாலத்தைத் தாண்டியது அதுதான் முதல் தடவை. பாக்கியம் அக்கா என்னைத் தாண்டிக் காரைப் பார்த்தார்.

"தண்ணி அளக்குற பொண்ணு வரலையாம்மா?"

அவர்களுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. யார் சொல்வார்கள்? உன் அண்ணனுக்கு அவர்களைத் தெரியாது, பல்கலைக்கழகத்துக்கும் தெரியாது. நான்தான் சொன்னேன். அக்கா அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். பக்கத்து வீட்டுப் பெண்கள் ஓடி வந்தார்கள், கேட்டுவிட்டு அவர்களும் அழுதார்கள். நான் எதற்கு வந்தேன் என்பதே எனக்கு மறந்துபோயிற்று. எல்லோரும் கொஞ்சம் ஆறிய பிறகு, தயங்கித் தயங்கிக் கேட்டேன். இடையில் எப்போதாவது தண்ணீர் வந்ததா?

"வந்துச்சே. வீட்டுக்குள்ளயே வந்துச்சு. கட்டில் காலு பூரா முங்கிடுச்சு."

"எப்போ அக்கா?"

"அதான், அந்தப் பொண்ணு வராம நின்ன மாசம். எப்பவும் சனிக்கிழமை வந்துடும். அந்த மாசம் ஆளயே காணோம். தண்ணி உள்ள நிக்குது, நாங்க பேசிக்கிட்டோம், இந்தத் தடவ பாத்து அளக்க ஆளில்லாம போச்சேன்னு. அதுக்கப்புறம்தான் பிள்ளைங்களுக்குக் காய்ச்சல்."

பக்கத்து வீட்டுப் பெண்ணைத் தனியாகக் கேட்டேன். அவளும் அதையே சொன்னாள். கடைசி வீட்டில் கேட்டேன். "அந்த அக்கா வராம நின்ன மாசம்தான்" என்றாள் அவளும். சுவரில் சேற்றுக் கறை இன்னும் இருந்தது. ஒவ்வொரு வீட்டிலும் தரையிலிருந்து கறை வரைக்கும் அளந்துகொண்டேன். கிளம்பும்போது, யார் சொன்னதாக எழுதட்டும் என்று கேட்டேன். "லயத்துல எல்லாரும் சொன்னாங்கன்னு போடு" என்றார் பாக்கியம் அக்கா.

திரும்பி வந்து உன் அட்டவணையைத் திறந்தேன். கருவியின் கட்டங்களில் நான் கை வைக்கவில்லை. அவை காலியாகவே இருக்கின்றன. காரணம் என்ற இடத்தில், அளப்பவர் நோயுற்று மருத்துவமனையில் இருந்தார் என்று எழுதினேன். மக்கள் சொன்ன தண்ணீருக்குத் தனியாக ஒரு வரி சேர்த்து, சுவர்க் கறையின் உயரத்தைப் போட்டேன். "எப்படித் தெரியும்?" என்ற நெடுவரிசைக்கு வந்தேன். அவர்கள் சொன்னதையே எழுதினேன்: "அளக்க வருபவர் வராமல் நின்ற மாதம். லயத்தில் எல்லோரும் சொன்னது."

தரவக அதிகாரி ஒப்புக்கொள்ளவில்லை. காரணங்களுக்கு ஒரு பட்டியல் இருக்கிறதாம், கருவிக் கோளாறு, தரவு இழப்பு, தெரியவில்லை, இதில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டுமாம். என் குணம் உனக்குத் தெரியுமே. நேரில் போய் அவர் முன்னால் உட்கார்ந்துவிட்டேன். டாக்டர் அசிசாவும் வந்தார். எங்களுக்கு வேண்டியதே இந்த வரிதான், இதைப் பட்டியலுக்குள் திணித்தால் அடுத்தவர் மறுபடி பூஜ்யம் போடுவார் என்று எடுத்துச் சொன்னார். கடைசியில் அந்த வரி அப்படியே ஏறியது. பொறுப்பாளர் என்ற இடத்தில் என் பெயர் இருக்கிறது. வரலாற்றுத் துறைக்காரி எதற்கு வடிகால் தண்ணீருக்குப் பொறுப்பு என்று உன் துறையில் சிரிக்கிறார்களாம். சிரிக்கட்டும். வீடு சுத்தமில்லை என்ற வரியை அறிக்கையிலிருந்து எடுத்துவிட்டதாக டாக்டர் அசிசா நேற்றுச் சொன்னார். காய்ச்சல் வந்த வாரங்களை நீ வராத வாரங்களோடு சேர்த்துவைத்துப் பார்த்தாராம். தண்ணீர் வந்தது, பிறகு காய்ச்சல் வந்தது. அவ்வளவுதான். உன் தண்ணீர் பத்திரமாக இருக்கிறது.

இதைச் சொல்லிவிட்டு முடித்துவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். முடியவில்லை. அந்தப் பெண்களின் குரல்களை இத்தனை காலம் கேட்டவள் நான். அவர்கள் எதை வைத்துக் காலத்தைக் கணக்கிடுகிறார்கள் என்று எனக்குத் தெரியும். பிள்ளை பிறந்த வருஷம், புருஷன் செத்த வருஷம், அம்மனுக்குத் தேர் இழுத்த வருஷம். சும்மா வந்துபோன எதையும் அவர்கள் கணக்கில் வைப்பதில்லை. கருவிக்குப் பேட்டரி மாற்ற வந்த உன்னைக் கணக்கில் வைத்திருக்கிறார்கள்.

எனக்கும் அப்படித்தான் ஆகிவிட்டது. யாராவது என்னிடம், அந்தக் கூட்டம் எப்போது நடந்தது, அந்தக் கட்டுரையை எப்போது எழுதினீர்கள் என்று கேட்டால் நான் நாட்காட்டியைத் தேடுவதில்லை. நீ இருந்தபோதா, போன பிறகா என்று முதலில் பார்க்கிறேன். அதற்குப் பிறகுதான் தேதி சொல்கிறேன்.